கடன் அட்டையின் வரலாறு: மொத்தத் தொகையும் குறைந்தபட்சத் தொகையும்

பேச்சு வழக்கில் கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டை, நாம் வாங்கும் பொருளுக்கு வங்கி முதலில் பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் நம்மிடம் வசூலித்துக்கொள்ளும் ஏற்பாடாகும். ஏ.டி.எம். எந்திரத்தில் பணம் எடுக்க உதவும் பற்று அட்டை, நம் கணக்கில் இருக்கும் பணத்தை மட்டுமே எடுக்கும். கடன் அட்டையில் செலவாவது வங்கியின் பணம். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் பலரும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

கடன் அட்டை வைத்திருப்பவருக்கு மாதம் ஒருமுறை பட்டியல் வரும். அதில் இரண்டு தொகைகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று, செலுத்த வேண்டிய மொத்தத் தொகை. மற்றொன்று, செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை. முதலாவதைக் கெடு தேதிக்குள் செலுத்துபவருக்கு வட்டி கிடையாது. இரண்டாவதை மட்டும் செலுத்துபவர் பெரும்பாலும் ஆண்டுக்கு 36 முதல் 45 விழுக்காடு வரை வட்டி கட்ட நேரிடுகிறது.

இந்த இரண்டு தொகைகளும் வெவ்வேறு வரலாறு கொண்டவை. மாதக் கணக்கு வைத்துத் தீர்க்கும் பழைய கடை வழக்கத்திலிருந்து வந்தது முதலாவது. 1958-இல் அமெரிக்க வங்கி ஒன்று தொடங்கிய சுழல் கடனிலிருந்து வந்தது இரண்டாவது. இவ்விரண்டும் ஒரே அட்டையில் எப்படிச் சேர்ந்தன, வட்டிக்கு இருந்த உச்சவரம்பு எப்படி நீங்கியது, இந்தியாவில் இன்றைய விதிகள் எவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அட்டைக்கு முன் இருந்த மாதக் கணக்கு

மளிகைக் கடையில் கணக்கு நோட்டு வைத்துப் பொருள் வாங்குவது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உள்ள பழக்கம். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று மாதம் முழுவதும் வாங்கியதைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்வார். சம்பளம் வந்ததும் வாடிக்கையாளர் அதைத் தீர்ப்பார். இதற்குத் தனியாக வட்டி வாங்குவதில்லை. கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் வீடும் வருமானமும் தெரியும். போன மாதப் பாக்கி நிற்கும்போது இந்த மாதம் அளவாகத்தான் கொடுப்பார். அதாவது கடனுக்கு ஒரு வரம்பு இருந்தது. அந்த வரம்பைக் காப்பவர் கடைக்காரராக இருந்தார்.

மேலை நாடுகளிலும் இதே முறை இருந்தது. நகரங்கள் பெருகி, வாடிக்கையாளரை முகம் பார்த்து அறிய முடியாத நிலை வந்தபோது அடையாளச் சின்னங்கள் தேவைப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெரிய அங்காடிகள் தங்கள் நம்பிக்கைக்குரிய வாடிக்கையாளர்களுக்கு எண் பொறித்த உலோக வில்லைகளைக் கொடுத்தன. 1920-களில் மோட்டார் வாகனங்கள் பெருகியபோது பெட்ரோல் நிறுவனங்கள் தங்கள் நிலையங்களில் மட்டும் செல்லும் அட்டைகளை வழங்கின. 1930-களில் சார்ஜா-பிளேட் என்ற சிறிய உலோகத் தகடு பரவியது. வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் அதில் புடைப்பெழுத்தில் இருக்கும். மையிட்டு அழுத்தினால் அவை ரசீதில் பதியும். பிற்காலப் பிளாஸ்டிக் அட்டைகளில் எண்கள் புடைத்திருந்ததும் இதே காரணத்தால்தான்.

'கடன் அட்டை' என்ற சொல் இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் பெல்லமி 1888-இல் வெளியிட்ட 'லுக்கிங் பேக்வர்ட்' என்ற நாவலில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். ஆனால் அவர் கற்பனை செய்த அட்டை கடன் தருவதற்கானதல்ல. நாட்டின் ஆண்டு உற்பத்தியில் குடிமகனுக்குரிய பங்கை அவன் செலவிட்டுக்கொள்வதற்கான அட்டை அது.

டைனர்ஸ் கிளப் (1950)

ஒரே அட்டையைப் பல கடைகளில் பயன்படுத்தும் முறைக்கு முன்னோடியாக 1946-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஜான் பிகின்ஸ் என்ற வங்கியாளர் 'சார்ஜ்-இட்' என்ற திட்டத்தை நடத்தினார். அது அந்த வட்டாரக் கடைகளுக்கு மட்டும் உரியது.

1950-இல் ஃபிராங்க் மெக்னமாரா, ரால்ஃப் ஷ்னைடர் ஆகியோர் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப்பைத் தொடங்கினர். உணவகம் ஒன்றில் சாப்பிட்ட பிறகு பணப்பை இல்லாததைக் கண்டு மெக்னமாரா தவித்தார் என்றும், அதிலிருந்தே இந்த எண்ணம் பிறந்தது என்றும் ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. நிறுவனத்தின் விளம்பரப் பணியில் இருந்தவரே பின்னாளில் இது விளம்பரத்துக்காகச் சொல்லப்பட்ட கதை என்று கூறிவிட்டார்.

டைனர்ஸ் கிளப்பின் முதல் அட்டை கெட்டித் தாளால் ஆனது. உறுப்பினர்கள் உணவகத்தில் கையெழுத்திட்டுச் செல்வார்கள். நிறுவனம் உணவகத்துக்குப் பணம் கொடுக்கும்போது 7 விழுக்காட்டைக் கழிவாக எடுத்துக்கொண்டது. உறுப்பினர் மாத இறுதியில் வரும் பட்டியலை முழுவதுமாகத் தீர்க்க வேண்டும். பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளும் வசதி இதில் இல்லை. ஆகவே நிறுவனத்தின் வருமானம் உறுப்பினரின் வட்டியிலிருந்து வரவில்லை. கடைக்காரரின் கழிவிலிருந்தும் ஆண்டுக் கட்டணத்திலிருந்தும் வந்தது. 1958 அக்டோபரில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வெளியிட்ட அட்டையும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

இவ்வகையைக் கணக்கு அட்டை எனலாம். மளிகைக் கடை நோட்டின் விரிந்த வடிவம் இது. இன்று பட்டியலில் காணும் 'மொத்தத் தொகை'யின் மூலம் இங்கே இருக்கிறது.

ஃபிரெஸ்னோ நகரமும் சுழல் கடனும் (1958)

கலிபோர்னியா மாநிலத்தின் பெரிய வங்கியான பேங்க் ஆஃப் அமெரிக்கா வேறு வழியில் யோசித்தது. தவணைக் கடன், அங்காடிக் கணக்கு, சில்லறைக் கடன் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கொடுப்பதைவிட, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரம்பு நிர்ணயித்து, அதற்குள் எப்போது வேண்டுமானாலும் கடன் எடுக்கலாம், எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம் என்று வைத்தால் என்ன என்பதே அதன் எண்ணம். இதன் பொறுப்பாளராக ஜோசப் வில்லியம்ஸ் என்ற அலுவலர் இருந்தார்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மக்களிடம் அட்டை இல்லாவிட்டால் கடைக்காரர் சேரமாட்டார். கடைகள் சேராவிட்டால் மக்கள் அட்டை கேட்கமாட்டார்கள். இதை உடைக்க வங்கி எடுத்த வழி புதுமையானது. 1958 செப்டம்பர் 18 அன்று ஃபிரெஸ்னோ நகரத்தில் ஏறத்தாழ 60,000 பேருக்கு, அவர்கள் கேட்காமலேயே அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. அவற்றின் பெயர் 'பேங்க் அமெரிகார்டு'. கடன் வரம்பு 300 முதல் 500 டாலர் வரை. மாத இறுதியில் முழுத் தொகையையும் கட்டலாம். அல்லது ஒரு பகுதியை மட்டும் கட்டி, மீதிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி கொடுக்கலாம்.

பாக்கியை அடுத்த மாதத்துக்குக் கொண்டுசெல்லும் இந்த ஏற்பாடு சுழல் கடன் எனப்படும். பெரிய அங்காடிகள் தங்கள் வாடிக்கையாளருக்கு மட்டும் செய்துவந்ததை, எல்லாக் கடைகளுக்கும் பொதுவாக, பெரிய அளவில் வங்கி செய்தது இங்குதான். இன்றைய பட்டியலின் 'குறைந்தபட்சத் தொகை' இவ்வாறு நுழைந்தது.

தொடக்கம் மோசமாக அமைந்தது. 4 விழுக்காடு கணக்குகள் தவணை தவறும் என்று வங்கி எதிர்பார்த்திருந்தது. 22 விழுக்காடு தவறின. அஞ்சலில் திருடப்பட்ட அட்டைகளால் மோசடிகளும் நடந்தன. வங்கி அறிவித்த நட்டம் மட்டும் 88 லட்சம் டாலர். வில்லியம்ஸ் 1959 இறுதியில் பதவி விலகினார். ஆனால் வங்கி திட்டத்தைக் கைவிடவில்லை. வசூல் முறைகளைச் சீராக்கியதும் 1961-க்குள் லாபம் வரத் தொடங்கியது. பெரும்பாலோர் நேர்மையாகக் கட்டினார்கள். ஆனால் முழுவதுமாகக் கட்டவில்லை. மீதம் வைத்தவர்களின் வட்டியே அட்டைத் தொழிலின் பெரிய வருமானமாக வளர்ந்தது.

1966-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா இந்த அட்டையை மற்ற வங்கிகளும் வழங்க உரிமம் கொடுத்தது. அந்தக் கூட்டமைப்பே 1976-இல் 'விசா' என்று பெயர் மாறியது. போட்டி வங்கிகள் 1966-இல் அமைத்த கூட்டமைப்பு 'மாஸ்டர் சார்ஜ்' என்ற பெயரில் இயங்கி, 1979-இல் 'மாஸ்டர்கார்டு' ஆனது.

அமெரிக்காவின் முதல் பாதுகாப்புச் சட்டங்கள்

கேட்காமல் அட்டை அனுப்பும் வழக்கம் மற்ற வங்கிகளுக்கும் பரவியது. 1966-இல் சிகாகோ நகர வங்கிகள் லட்சக்கணக்கில் அட்டைகளை அனுப்பின. குழந்தைகளின் பெயருக்கும் இறந்தவர்களின் பெயருக்கும் கூட அட்டைகள் சென்றன. இதன் விளைவாகச் சட்டங்கள் பிறந்தன.

1968-இல் இயற்றப்பட்ட கடன் வெளிப்படைச் சட்டம், வட்டியை ஆண்டு விழுக்காட்டில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்றது. 1970-இல் செய்யப்பட்ட திருத்தம், கேட்காதவர்களுக்கு அட்டை அனுப்புவதைத் தடை செய்தது. அட்டை திருடுபோனால் உரிமையாளர் ஏற்க வேண்டிய இழப்பை 50 டாலருக்குள் கட்டுப்படுத்தியது.

அக்காலத்தில் திருமணமான பெண்கள் தம் பெயரில் அட்டை பெறுவது கடினமாக இருந்தது. சம்பாதிக்கும் பெண்ணிடமும் கணவரின் கையெழுத்தை வங்கிகள் கேட்டன. 1974-இல் வந்த சமக் கடன் வாய்ப்புச் சட்டம், பால் அடிப்படையிலும் திருமண நிலை அடிப்படையிலும் கடன் மறுப்பதைத் தடை செய்தது. கடன் அட்டை ஆபத்து மட்டும் கொண்டதல்ல, அதைப் பெறுவதே ஓர் உரிமைப் போராட்டமாக இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உச்சவரம்பு நீங்கியது (1978)

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வட்டிக்கு உச்சவரம்பு இருந்தது. மினசோட்டா மாநிலத்தில் அட்டைக் கடனுக்கு 12 விழுக்காடுதான் வாங்கலாம். நெப்ராஸ்கா மாநிலத்தில் 18 விழுக்காடு வரை வாங்கலாம். நெப்ராஸ்காவின் ஒமாகா நகர வங்கி ஒன்று மினசோட்டா மக்களுக்கு அட்டை கொடுத்து 18 விழுக்காடு வட்டி வாங்கியது. இதை எதிர்த்து மினசோட்டாவின் மினியாபொலிஸ் நகர வங்கி வழக்குத் தொடுத்தது.

1978 டிசம்பர் 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தேசிய வங்கி எந்த மாநிலத்தில் அமைந்திருக்கிறதோ, அந்த மாநிலச் சட்டப்படியான வட்டியை எந்த மாநில வாடிக்கையாளரிடமும் வாங்கலாம் என்பதே அதன் சாரம். நெப்ராஸ்காவுக்குச் சாதகமாகத் தோன்றிய இத்தீர்ப்பு, நடைமுறையில் நாடு முழுவதும் உச்சவரம்பைப் பயனற்றதாக்கியது. 1980-இல் தெற்கு டகோட்டா மாநிலம் தன் வட்டி வரம்பை நீக்கியது. அடுத்த ஆண்டே சிட்டி வங்கி தன் அட்டைத் தொழிலை நியூயார்க்கிலிருந்து அம்மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகரத்துக்கு மாற்றியது. இன்றும் பல அமெரிக்க அட்டை நிறுவனங்கள் தெற்கு டகோட்டா, டெலவேர் ஆகிய சிறு மாநிலங்களின் முகவரியைக் கொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

வட்டி வரம்பு நீங்கிய அதே காலத்தில் குறைந்தபட்சத் தொகையும் குறைந்தது. முன்பு பாக்கியில் 5 விழுக்காடாக இருந்தது, பல வங்கிகளில் 2 விழுக்காடு வரை இறங்கியது. மாதம் கட்ட வேண்டியது குறைவதால் வாடிக்கையாளருக்குச் சுமை இறங்கியது போலத் தோன்றும். ஆனால் அசல் குறையும் வேகம் குறைவதால் கடன் பல ஆண்டுகள் நீடித்தது.

2009 மே மாதத்தில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இதற்கு ஒரு பதில் சொல்லியது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை ஆண்டுகள் ஆகும், மொத்தம் எவ்வளவு கட்ட நேரும் என்பதை ஒவ்வொரு பட்டியலிலும் அச்சிட வேண்டும் என்று அது விதித்தது. 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சொந்த வருமானமோ பெரியவர் ஒருவரின் பொறுப்பேற்போ இல்லாமல் அட்டை கொடுப்பதையும் தடுத்தது. ஆனால் வட்டிக்கு உச்சவரம்பு எதையும் அது விதிக்கவில்லை. 'இவ்வளவுக்கு மேல் வாங்காதே' என்ற சட்டத்தின் இடத்தை 'எவ்வளவு வாங்குகிறாய் என்று சொல்' என்ற சட்டம் பிடித்தது.

இந்தியாவில் கடன் அட்டை

இந்தியாவுக்கு முதலில் வந்தது டைனர்ஸ் கிளப் அட்டை. 1960-களின் தொடக்கத்தில் மிகச் சிலரிடம் மட்டும் அது இருந்தது. இந்திய வங்கிகளில் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா 1980-இல் 'சென்ட்ரல் கார்டு' என்ற பெயரில் முதன்முதலாகக் கடன் அட்டையை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஆந்திரா வங்கி தொடங்கியது. 1990-இல் சிட்டி வங்கி பெரிய அளவில் நுழைந்தது. 1998-இல் பாரத ஸ்டேட் வங்கி, ஜி.இ. கேப்பிடல் நிறுவனத்துடன் கூட்டாக எஸ்.பி.ஐ. கார்டைத் தொடங்கியது. 1991-க்குப் பிந்தைய தாராளமயமும் தகவல் தொழில்நுட்ப வேலைகளும் மாதச் சம்பளம் வாங்கும் இளைஞர் கூட்டத்தை நகரங்களில் உருவாக்கின. 2000-களில் தொலைபேசி வழியாகவும் முகவர்கள் வழியாகவும் அட்டைகள் விற்கப்பட்டன. ஃபிரெஸ்னோவில் எழுந்த அதே குறைகள் இங்கும் எழுந்தன. கேட்காமல் வந்த அட்டை, சொல்லாமல் பிடித்த கட்டணம், வசூல் முகவர்களின் மிரட்டல் ஆகியவை பற்றிப் புகார்கள் குவிந்தன. ரிசர்வ் வங்கி 2005 நவம்பரில் கடன் அட்டைகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

இதே காலத்தில் கடைக்காரரின் நினைவாற்றலுக்கு மாற்றாக ஒரு நிறுவனம் தோன்றியது. 2000-இல் அமைந்த சிபில், யார் எந்தக் கடனை எப்படிக் கட்டினார்கள் என்ற பதிவுகளைத் தொகுத்தது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. இன்று 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணாக இத்தகவல் வங்கிகளுக்குச் செல்கிறது. அட்டைப் பாக்கியைத் தவறவிட்ட மாணவர், சில ஆண்டுகள் கழித்து வீட்டுக் கடன் கேட்கும்போது அதன் விளைவைச் சந்திக்கலாம்.

2022-இல் ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ. செயலியுடன் இணைக்கும் வசதி வந்தது. தேநீர்க் கடையிலும் காய்கறிக் கடையிலும் கடன் அட்டை புழங்கும் நிலை இதனால் ஏற்பட்டது. 2024-இன் தொடக்கத்தில் இந்தியாவில் புழக்கத்தில் இருந்த கடன் அட்டைகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது.

இந்தியாவில் வட்டிக்கு வரம்பு உண்டா?

வட்டிக்கு எல்லை வேண்டும் என்பது நம் நாட்டில் புதிய கருத்தல்ல. ஒரே நேரத்தில் வசூலிக்கும் வட்டி, அசலைத் தாண்டக் கூடாது என்ற 'தாம்துபத்' விதி இந்து சட்ட மரபில் உண்டு. சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையிலான அரசு 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு விவசாயி அசலாகவும் வட்டியாகவும் சேர்த்து, வாங்கிய அசலின் இரு மடங்கைக் கட்டியிருந்தால் அவர் கடன் தீர்ந்ததாகக் கொள்ள அச்சட்டம் வழி செய்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2003-இல் தனிச் சட்டம் இயற்றியது.

இவை வங்கிகளுக்காக எழுதப்பட்ட சட்டங்கள் அல்ல. 1984-இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வங்கி வாங்கும் வட்டி மிகையானது என்ற காரணத்துக்காக மட்டும் நீதிமன்றங்கள் கடன் கணக்கை மறுபடி திறக்கக் கூடாது என்று அது கூறுகிறது.

2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம், அட்டைப் பாக்கிக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி பற்றிய கொள்கை ரிசர்வ் வங்கியின் அதிகார எல்லைக்குள் வருவது என்றும், நுகர்வோர் ஆணையம் ஒப்பந்த நிபந்தனைகளைத் திருத்தி எழுத முடியாது என்றும் அது விளக்கியது. ரிசர்வ் வங்கி, வட்டி நியாயமானதாக இருக்க வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொல்கிறதே தவிர, இத்தனை விழுக்காடு என்று எண்ணால் வரம்பு கட்டவில்லை. ஆக, அமெரிக்காவில் 1978-இல் நேர்ந்த நிலைக்கு வேறு பாதையில் இந்தியாவும் வந்து சேர்ந்துள்ளது.

குறைந்தபட்சத் தொகையின் கணக்கு

பள்ளியில் கூட்டு வட்டி படித்த எந்த மாணவரும் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒருவரின் பட்டியலில் 50,000 ரூபாய் பாக்கி என்று கொள்வோம். வட்டி மாதம் 3.5 விழுக்காடு. வட்டியின் மேல் ஜி.எஸ்.டி. வரி 18 விழுக்காடு. குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 விழுக்காடு. அவர் இனி அட்டையில் எதுவும் வாங்கவில்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் மாதம் அவர் 2,500 ரூபாய் கட்டுகிறார். மீதி 47,500. இதற்கு வட்டி 1,662 ரூபாய் 50 காசு; வரி 299 ரூபாய் 25 காசு. அடுத்த பட்டியலில் பாக்கி 49,461 ரூபாய் 75 காசு. கட்டியது 2,500, கடன் குறைந்தது 538 ரூபாய் மட்டுமே.

இப்படியே 12 மாதம் கட்டினால் அவர் கொடுத்திருப்பது ஏறத்தாழ 28,300 ரூபாய். அப்போதும் பாக்கி ஏறத்தாழ 43,900 ரூபாய். கடன் பாதியாகக் குறையவே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பாக்கி குறையக் குறையக் குறைந்தபட்சத் தொகையும் குறைவதால் இறுதிப் பகுதி இன்னும் மெதுவாக நகரும்.

அவரே பட்டியலில் என்ன அச்சிட்டிருந்தாலும் மாதம் 5,000 ரூபாய் என்று நிலையாகக் கட்டினால் 13-ஆவது மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். மொத்தம் கட்டியது ஏறத்தாழ 62,450 ரூபாய். வட்டி விகிதம் இரண்டிலும் ஒன்றுதான். கட்டும் தொகையை யார் தீர்மானிப்பது என்பதில்தான் வேறுபாடு.

நடைமுறையில் வங்கிகள் வட்டியைப் பொருள் வாங்கிய நாளிலிருந்து நாள்கணக்கில் போடுகின்றன. பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைப்பதில்லை. அதனால் மேற்கண்ட கணக்கைவிட உண்மை நிலை சற்றுக் கடுமையாகவே இருக்கும்.

இன்றைய விதிகள்

ரிசர்வ் வங்கியின் 2022 ஏப்ரல் உத்தரவு அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கூறுகள் சிலவற்றை ஒவ்வொரு அட்டைதாரரும் அறிந்திருக்க வேண்டும்.

கேட்காமல் அட்டை கொடுக்கக் கூடாது. கொடுத்துப் பணமும் கேட்டால், அந்தக் கட்டணத்தைத் திருப்புவதோடு அதன் இரு மடங்கை அபராதமாகவும் வங்கி வாடிக்கையாளருக்குத் தர வேண்டும்.

குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவரும்போதும் கடன் வளர்ந்துகொண்டே போகும்படி அத்தொகையை நிர்ணயிக்கக் கூடாது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் பல மாதங்கள், ஆண்டுகள் நீளும் என்ற எச்சரிக்கையைப் பட்டியலில் தர வேண்டும்.

கெடு தேதிக்குப் பின் மூன்று நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம். அதையும் கட்டாமல் நிற்கும் தொகையின் மீது மட்டுமே கணக்கிட வேண்டும்.

பாக்கி ஏதும் இல்லாத அட்டையை மூடக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும்.

வங்கியில் கொடுத்த புகாருக்கு 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை நம் கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம்.

வரலாற்றிலிருந்து பெறும் நடைமுறை

கடன் அட்டையை முழுவதும் தவிர்க்க வேண்டும் என்று இந்த வரலாறு சொல்லவில்லை. அதைக் கணக்கு அட்டையாகப் பயன்படுத்துபவருக்கு அது பயனுள்ள கருவி. பட்டியல் தேதி 5, கெடு தேதி 25 என்று வைத்துக்கொண்டால், ஜூலை 6 அன்று வாங்கிய பொருளுக்கு ஆகஸ்ட் 25 வரை, அதாவது 50 நாட்கள் வட்டியில்லாமல் அவகாசம் கிடைக்கிறது. ஆகஸ்ட் 4 அன்று வாங்கியதற்கு 21 நாட்களே கிடைக்கும். கெடு தேதி சம்பள நாளுக்குச் சற்றுப் பின்னால் அமையும்படி பட்டியல் சுழற்சியை மாற்றித் தருமாறு வங்கியைக் கேட்கலாம். கெடு தேதியில் மொத்தத் தொகையும் கணக்கிலிருந்து தானாகச் செல்ல ஏற்பாடு செய்யும்போது, படிவத்தில் 'குறைந்தபட்சத் தொகை' என்பது தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்து, 'மொத்தத் தொகை' என்று மாற்ற வேண்டும்.

அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.-இல் ரொக்கம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். அதற்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். தனிக் கட்டணமும் உண்டு. கடன் வரம்பு என்பது வங்கி கொடுக்க விரும்பும் தொகையே தவிர, நம்மால் திருப்பிக் கட்ட முடிந்த தொகை அல்ல. ஒரு மாதச் சம்பளத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவது எவ்வளவோ, அதுவே ஒருவரின் உண்மையான வரம்பு.

ஏற்கெனவே பாக்கி சேர்ந்துவிட்டவர்கள் முதலில் அட்டையில் புதிதாக வாங்குவதை நிறுத்த வேண்டும். பின்னர், பட்டியல் சொல்லும் தொகையை விட்டுத் தாமே ஒரு நிலையான தொகையை முடிவு செய்து கட்டிவர வேண்டும். வங்கிகளின் நகைக் கடனுக்கும் தனிநபர் கடனுக்கும் வட்டி பொதுவாக அட்டை வட்டியைவிடக் குறைவு. அத்தகைய கடன் வாங்கி அட்டைப் பாக்கியை அடைத்துவிடுவது பல நேரங்களில் லாபமாகும். அடைத்த பிறகு அதே அட்டையில் மறுபடி பாக்கி சேர்த்தால் இரண்டு கடன்கள் ஆகிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

முன்பு கடைக்காரர் கணக்கு நோட்டைப் பார்த்துச் சொன்ன 'போதும்' என்ற சொல்லைப் பின்னர் சட்டம் சொன்னது. அமெரிக்காவில் 1978-க்குப் பின்னும், இந்தியாவில் 1984-இன் சட்டத் திருத்தத்துக்குப் பின்னும் வங்கிக் கடன் வட்டிக்கு அந்தக் காவலும் இல்லை. சட்டம் இன்று விவரத்தைத் தெரிவிக்க வைக்கிறது. எல்லையை அட்டைதாரரே போட்டுக்கொள்ள வேண்டும். மாதப் பட்டியல் வந்ததும் இரண்டு தொகைகளில் எதைக் கட்டுகிறோம் என்பதில் அந்த எல்லை அடங்கியிருக்கிறது.